மூன்று தட்டும் ஒரு சேவலும்

அவருக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. தேங்காய், பூசணி, பலாப்பழம் என்றால் சரி, ஊரே தட்டித்தான் வாங்குகிறது. இவர் மேசையைத் தட்டுவார், கதவு நிலையைத் தட்டுவார், புதிதாக வாங்கி வந்த பிளாஸ்டிக் வாளியையும் விடமாட்டார். தட்டிவிட்டுத் தலையைக் கொஞ்சம் சரித்து வலது காதால் கேட்பார். பேச்சு அதற்குப் பிறகுதான். நான் வேலை கேட்டுப் போன முதல் நாள், கதிரையில் கழற்றி வைத்த என் ஹெல்மெட்டை எடுத்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“இது விழுந்தா உடையும் புள்ள. வேற ஒண்டு வாங்குங்க.”

என்ன படித்தாய் என்று கேட்கவில்லை, எங்கே வேலை செய்தாய் என்று கேட்கவில்லை. முதல் சொன்னது இதைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் கல்லடிப் பாலத்தடியில் மாடு ஒன்றுக்கு விலகப் போய் விழுந்தேன். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. அவரிடம் நான் சொல்லவேயில்லை. சொன்னால் அந்த மனிதரைப் பிடிக்க முடியாது. புதியதோடு போனபோது, “ஆ, மாத்திட்டீங்க போல” என்று அதையும் எடுத்துத் தட்டினார்.

காத்தான்குடியில் அவரை மாசிக் காக்கா என்பார்கள். அவர் மௌத்தாகி, கண்மூடி, இரண்டு நோன்பு கடந்துவிட்டது. வாவிக்கரைப் பக்கமிருந்த அவருடைய கிடங்கில் இப்போது யாரோ கட்டில் மேசை விற்கிறார்கள். அந்த வழியால் போகும்போதெல்லாம் எனக்கு மாசி மணக்கிறது. மணக்க நியாயமில்லை, தெரியும்.

மாசி என்பது மாலைதீவிலிருந்து வருவது. சூரை மீனை அவித்துப் புகையில் வாட்டி வெயிலில் காயவைத்தால், விறகுத் துண்டு மாதிரி ஒரு சாமான் வரும். இடித்துச் சம்பலில் போடாவிட்டால் இலங்கையில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. நல்ல மாசி இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’ என்று காய்ந்த சத்தம் கேட்கும். உள்ளே ஈரம் இருந்தால் ‘தொப்’ என்னும். காக்காவுக்கு அந்தத் தட்டுகிற பழக்கம் இதில்தான் தொடங்கியிருக்க வேண்டும். பிறகு அது வீடு வாசல் முழுக்கப் பரவிவிட்டது.

மாசி வாங்குவதோடு, லுங்கி மாதிரிக் கட்டுகிற காத்தான்குடிக் கைத்தறிச் சாறனையும் பன்பாயையும் அவர் மாலைதீவுக்கு அனுப்பினார். பத்துத் தறி அவரை நம்பி ஓடியது. கடிதமும் சுங்கப் பத்திரமும் ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் நான். “கல்லடி மெதடிஸ்தக்காரிக்கு மாசிக் கிடங்கில என்னகா வேல?” என்று என் மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். என்னுடைய சேலை மணத்துக்காக அவள் என்னைச் சமையலறைப் பக்கம் விடாத நாட்களும் உண்டு. எனக்கு அது வசதிதான்.

நாடு டொலர் இல்லாமல் படுத்த வருஷம், காக்காவும் நானும் வங்கிக்குப் போனோம். பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையான ஆள்தான். “காக்கா, மருந்துக்கே டொலர் இல்ல. மாசிக்கு நான் எங்க போற?” என்று கையை விரித்தார். காக்கா குனிந்து அந்த மேசையைத் தட்டினார். காதைச் சரித்துக் கேட்டார்.

“ஓம். உள்ளுக்கு ஒண்டுமில்ல” என்றுவிட்டு எழும்பினார்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிற முகமாக அது இருக்கவில்லை. “பத்துத் தறி புள்ள. நூல் முடிஞ்சா அந்தப் பொம்புளைகள் என்ன செய்வாங்க?” என்றார்.

அன்று பின்னேரம் மாலைதீவில் மாசி அனுப்புகிறவர்களுக்குப் போன் எடுத்து, என்னை ஆங்கிலத்தில் பேசவிட்டார். அங்கேயும் டொலருக்கு வரிசையாம். இரண்டும் குட்டி நாடு. ஒன்று கடன்காரர்களுக்கு முகம் கொடுக்க முடியாமல் கிடந்தது. மற்றது சுற்றிவரக் கடல், கப்பலேற்ற மீனைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டுக்கும் தங்கள் சாமானை மாற்றிக்கொள்ள மூன்றாம் நாட்டுக் காசு தேவைப்பட்டது, அது இரண்டு பேரிடமும் இல்லை. அப்போதுதான் சாறனுக்கு மாசி, மாசிக்குச் சாறன் என்று பேசி முடித்தார்கள். வேலிக்கு மேலால் சீனி வாங்கி உப்புக் கொடுக்கிற மாதிரி. பேச்சுக்கு அது இலேசு. அதை இரண்டு நாட்டுச் சுங்கத்துக்கும் விளங்கும்படி எழுதியதில்தான் என் தலையில் பாதி நரைத்தது.

“ஆர் காக்கா முதல்ல அனுப்புற?” என்று கேட்டேன்.

“நாமதான்.”

“அவங்க அனுப்பாட்டி?”

“செவ்வாக்கிழம கேட்டுட்டுத்தானே அனுப்புறம்.”

செவ்வாய்க்கிழமை நாலு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில், ஏதோ ஒரு சின்னத் தீவில், ஒரு வயதான மனிதர் இருந்தார். மாசி பொறுக்கி எடுப்பவர் அவர்தான். கடிதம், பத்திரம் எல்லாம் அவருடைய மகன் பெயரில் வரும். செவ்வாய் நாலு மணிக்கு அந்த மனிதர் போன் எடுப்பார். சலாம் சொல்லுவார். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தக் கிழமை எடுத்த மாசியில் இரண்டைத் தூக்கி மூன்று தரம் தட்டுவார். காக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு இவர் போன தரம் வந்த மாசியில் இரண்டை எடுத்து மூன்று தட்டு. சாமான் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது, இன்னும் ஈரம் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். “ரங்கலு” என்பார் அவர். அவர்களுடைய பாஷையில் நல்லம் என்று சொல்வதாம். “ரங்கலு, ரங்கலு” என்பார் இவர். மறுபடி சலாம். அவ்வளவுதான்.

வேறு என்ன பேசுவது? அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவருடைய பாஷை தெரியாது. அரைகுறைச் சிங்களத்தில் இரண்டு பேருக்கும் பத்துச் சொல் இருந்தது, அதிலும் ஆறு மழையைப் பற்றி. இவர் அவரைப் ‘பேபே’ என்று கூப்பிடுவார். அவருடைய ஊரில் அண்ணனுக்குச் சொல்கிற சொல். அவர் இவரைக் ‘காக்கா’ என்பார், இதுவும் அண்ணன்தான். இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரையொருவர் அண்ணனாக்கிக்கொண்டு, முகம் பாராமல், மூன்று தட்டிலே சீவியம் நடத்தினார்கள். ஒரு நாள் நான் சும்மா இருக்க மாட்டாமல், “இதென்ன காக்கா, மரங்கொத்தி ரெண்டு கதைக்கிற மாதிரி” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “மரங்கொத்தி பொய் சொல்லாது புள்ள” என்றார்.

காக்காவின் இரண்டு மகன்மாரும் கட்டாரில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை போன் எடுத்து, “வாப்பா, சாப்பிட்டீங்களா? மருந்து குடிச்சீங்களா?” என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். இவர் “ஓம் மனே, ஓம்” என்பார். அந்தப் பேச்சு ‘பேபே’யோடு பேசுவதைவிட நீளம் குறைவு. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேலைத்தளத்தில் நின்றுகொண்டுதான் பேச்சு.

மனைவி கொரோனாக் காலத்தில் போனா. கொழும்பில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். யாரையும் உள்ளே விடாத காலம். மூன்று நாள் செய்தி ஒன்றுமில்லை. நாலாம் நாள் காக்கா பொறுக்க மாட்டாமல் தானே போன் எடுத்து, எப்படி இருக்கா என்று கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டார்கள். முகம் பார்க்கவும் கிடைக்கவில்லை. இதை அவர் எனக்கு ஒரே ஒரு தரம் சொன்னார், சாறன் கட்டுகளை எண்ணாமல் தட்டிக்கொண்டு. “நான் கேக்காம இரிந்தா, அண்டைக்கு ஒரு நாளாவது அவ உசிரோட இரிந்திருப்பா” என்றார். அது என்ன ஞாயம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அவருடைய வீடு கிடங்குக்குப் பின்னால். மத்தியானம் சாப்பிடப் போகும்போது, பூட்டிய கதவை முதலில் தட்டுவார். பிறகு சாவியை எடுத்துத் திறப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த நாள், “தட்டாம உள்ளுக்குப் போனா ஏசுவா” என்றார்.  நான் பூட்டைப் பார்த்து, “பூட்டு எண்ணெய் இல்லாமக் கிடக்கு காக்கா” என்றேன். அடுத்த நாள் தேங்காயெண்ணெய் கொண்டுபோய் நானே விட்டேன்.

மின்வெட்டுக் காலத்தில்தான் செவ்வாய் பிசகியது. பின்னேரம் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போகும். இரண்டு செவ்வாய் லைன் கிடைக்கவில்லை. காக்கா நாலு மணியிலிருந்து பொழுதுபட்டு மஃரிப் வாங்கு சொல்லும் வரைக்கும் போனையும் மாசியையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதைப் பார்க்கச் சகியாமல் நான் பேபேயின் மகனுக்கு எழுதினேன். இனி தட்டுகிற சத்தத்தை வட்சப்பில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள், சிக்னல் வரும்போது இங்கே வந்து விழும் என்று. அப்படியே வந்தது. சலாம், ஒரு தட்டு, இரண்டாவது தட்டு, எங்கேயோ ஒரு சேவல், மூன்றாவது தட்டு, ஒரு செருமல், “காக்கா, ரங்கலு.” இங்கிருந்து நானும் பதிந்து அனுப்புவேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சில மாதம் போனது. கடைசியாக நெய்த நானூறு சாறன் கொழும்பில் கப்பலேறிய கிழமை, ஒரு செவ்வாய், காக்கா பதிவைக் கேட்டுவிட்டு, “திரும்பப் போடுங்க” என்றார். போட்டேன். “போன கிழம வந்தது இரிக்கா?” போட்டேன். “அதுக்கு முந்தினது?” அதையும் போட்டேன். மாசி கையிலிருந்து மேசைக்கு வந்தது.

“சேவல் ரெண்டாவது தட்டுக்கும் மூணாவது தட்டுக்கும் நடுவுல கூவுது.”

“அவங்கட வீட்டுச் சேவல் காக்கா. கூவத்தானே செய்யும்?”

“கூவும். ஒவ்வொரு கிழமையும் ஒரே இடத்துல கூவாது புள்ள.”

நான் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் வைத்துக் கேட்டேன். ஒரே சேவல், ஒரே செருமல், ‘காக்கா’ என்பதில் அதே இழுப்பு. பழைய பதிவையே யாரோ திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எத்தனை கிழமையாக என்று பின்னோக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“நான் இப்பவே மகனுக்குக் கோல் எடுக்கிறன்” என்றேன்.

“வேணாம்.”

“என்ன காக்கா நீங்க? நானூறு சாறன் கடல்ல போகுது. மாசி பொறுக்கிறது ஆரெண்டு தெரிய வேணாமா? அந்தாளுக்கு என்ன நடந்ததெண்டு கேக்க வேணாமா?”

“கேட்டாச் சொல்லிப்போடுவாங்க புள்ள.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.  அவர் மாசியை எடுத்து மூன்று தட்டுத் தட்டினார். “அனுப்புங்க” என்றார். அனுப்பினேன். யாருக்கு அனுப்புகிறோம் என்று இரண்டு பேரும் பேசவில்லை.

அதன்பிறகும் செவ்வாய்தோறும் சேவல் கூவியது, அவர் கேட்டார், பதில் அனுப்பினோம். ஆனால் அவர் சோற்றில் கை வைப்பது குறைந்துவிட்டது. இறந்தவருக்குத் தொழும் ஜனாஸாவைப் பற்றி ஒரு நாள் தானாகவே சொன்னார்: “உசிரோட இரிக்கிற மனிசனுக்கு ஜனாஸாத் தொழுதா அது பெரிய பிழ. மௌத்தாப் போன மனிசனுக்குத் தொழாம இரிந்தா அதுவும் பிழ. அந்தாள் எனக்குச் சாமான் ஒரு நாளும் பழுதா அனுப்பல்ல. நான் அந்தாள இப்பிடி நடுவுல நிப்பாட்டி வெச்சிரிக்கன்.”

“அப்ப கேளுங்களேன் காக்கா.”

“மாசி வரட்டும்” என்றார்.

மாசி வந்தது. சாக்குகளை அவிழ்த்துக் கிடங்கு நிலத்தில் பரப்பி, பாயில் சம்மாணம் கொட்டி உட்கார்ந்து, இரண்டிரண்டாக எடுத்துத் தட்டத் தொடங்கினார். வழக்கமாகச் சாக்குக்கு நாலு தட்டிவிட்டு விடுவார். அன்று காலையில் தொடங்கிப் பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் ஒன்றும் விடவில்லை. டக், டக், டக். எனக்குத் தலையிடி வந்தது.

“எல்லாம் நல்லந்தானே காக்கா? இன்னும் என்னத்தத் தேடுறீங்க?”

“ஒண்டாவது பழுதா இரிந்தா, எடுத்து ஏசலாம்” என்றார் நிமிராமல். “ஏசினா அந்தாள் லைனுக்கு வந்துதானே ஆகணும்.”

கடைசிச் சாக்கும் முடிந்தது. ஒரு துண்டுகூட ‘தொப்’ என்னவில்லை. தறிக்காரப் பெண்களுக்கு அது நல்ல காலம், சரக்கை அன்றைக்கே விலை பேசிவிட்டார்கள், நூலுக்குக் காசு வரும். காக்கா பாயைவிட்டு எழும்பினார். பிறகு சாறனில் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மேசையைத் தட்டவில்லை.

“புள்ள, அந்த மகனுக்கு ஒரு காயிதம் எழுதுங்க. ஒண்டும் கேக்க வேணாம். அவர்ட வாப்பாட பேர் என்னெண்டு மட்டும் கேளுங்க.”

“உங்களுக்குப் பேர் தெரியாதா?”

“பேபே எண்டுதானே கூப்பிட்ட. பேர் எதுக்கு? இப்பதான் தேவ. பள்ளிவாசல்ல அறிவிக்கப் பேர் வேணும்.”

எழுதினேன். மேலே பொருள் என்று போடுகிற இடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டேன். அடுத்த நாள் பதில் வந்தது. பெயரை எழுதியிருந்தான். நோன்புக்கு முந்தின மாதம் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தான். மன்னிக்கச் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாப்பா சொன்னாராம்: ‘இலங்கையில் இருக்கிற காக்கா தனியாள். செவ்வாய்க்கிழமை தட்டுவதை நிறுத்திவிடாதே.’ இவனுக்குத் தன் கைச் சத்தம் பிழைத்துவிடுமோ என்று பயம். அதனால் வாப்பாவின் பதிவையே அனுப்பினானாம்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். காக்கா “இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்றார். மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்வது.

“தனியாள் எண்டா எழுதியிரிக்கான்?”

“ஓம் காக்கா.”

“நான் ஒரு நாளும் சொல்லல்லயே. எனக்குச் சொல்லப் பாஷையும் இல்ல.” விரல்கள் மடியில் தாமாகவே அசைந்தன. “தட்டுல கேட்டிரிக்காரு” என்றார்.

அந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் அறிவித்தார்கள். மாலைதீவைச் சேர்ந்த இன்னார், இங்கே ஒருவருடைய சகோதரர், அவருக்காகக் காயிப் ஜனாஸாத் தொழுகை. தூரத்தில் இறந்தவருக்கு, உடல் இல்லாமலே தொழுகிற தொழுகை அது. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேம்பின் கீழ் மோட்டார்சைக்கிளோடு நின்றேன். பள்ளிக்குள் நிறைந்திருந்த சனம், முகமே தெரியாத ஒரு தீவுக்காரருக்காக எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டைப் போட்டு மறைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு மணிக்கு இரண்டு பேரும் போனைப் பார்க்காத மாதிரி இருந்தோம். அது சிணுங்கியது. மகன் அனுப்பிய பதிவுதான். சலாம் சொன்னான், இளம் குரல். பிறகு டக், டக்கென்று அவசரமாக இரண்டு, ஒரு தடுமாற்றம், மூன்றாவது. சேவல் இல்லை.

காக்கா தலையைச் சரித்துக் கேட்டார்.

“மாசி நல்ல மாசி” என்றார். “தட்டத்தான் தெரியல்ல புள்ளைக்கு.”

இரண்டு துண்டை எடுத்து, அவசரமில்லாமல், மூன்று தட்டினார். “ரங்கலு மனே” என்றார். நான் அனுப்பினேன். வேலை முடிந்தது, பையைத் தூக்கினேன். அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

“பழசையும் ஒருக்காப் போடுங்க புள்ள.”

பையை வைத்துவிட்டுப் போட்டேன். சலாம் வந்தது. ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. காக்கா விரலைத் தூக்கினார், இப்போது என்கிற மாதிரி. சேவல் கூவியது.